திறன் அடிப்படையில் வாங்கிய கிரெடிட் வேறு காலேஜில் செல்லுமா? பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது எப்படி

அமெரிக்காவில் வேலையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து பட்டம் முடிக்க நினைக்கிறவர்களுக்கு, சிபிஇ எனப்படும் திறன் அடிப்படையிலான ஆன்லைன் படிப்பு பெரிய வரம். ஏற்கெனவே தெரிந்த பாடம் என்றால் இரண்டே வாரத்தில் தேர்வெழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சேருவதற்கு முன் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கு வேறு காலேஜுக்கு மாறினால், பாடம் முடித்ததற்குக் கிடைக்கிற இந்த கிரெடிட் செல்லுமா? கேள்வி சரிதான், கேட்கிற இடம்தான் தப்பு. படிப்பை விற்கிற காலேஜின் அட்மிஷன் ஆளிடம் கேட்டால், "எங்களுக்கு முழு அங்கீகாரம் இருக்கிறது" என்பார். பொய் சொல்லவில்லை அவர். ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது பதில் இல்லை. கிரெடிட்டை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது அது போய்ச் சேருகிற காலேஜ். அனுப்புகிற காலேஜுக்கு அதில் பேச்சே கிடையாது, மத்திய கல்வித் துறையும் யாரையும் கட்டாயப்படுத்தாது.

என் மைத்துனி கதையைச் சொன்னால் விளங்கும். சிபிஇ-யில் 34 கிரெடிட் முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் அக்கவுண்டிங் பட்டத்துக்கு மாறினாள். 31 கிரெடிட்டை ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது, வீட்டில் கேக் வெட்டினோம். இரண்டு வாரம் கழித்து டிகிரி ஆடிட், அதாவது பட்டத்துக்கு எது முடிந்தது, எது மீதி என்று காட்டுகிற பட்டியலைப் பார்த்தால், அதில் 16 மட்டும்தான் பட்டத்துக்குத் தேவையான பாடங்களில் போய் உட்கார்ந்திருந்தது. மீதி 15-ம் விருப்பப் பாடம் என்ற கணக்கில். அவளுடைய பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இருந்த இடமோ 6 கிரெடிட். ஆக 9 கிரெடிட் டிரான்ஸ்கிரிப்ட் என்கிற மதிப்பெண் பட்டியலில் அழகாக நிற்கிறது, எதற்கும் உதவாமல். "ஏற்றுக்கொண்டோம்" என்பதும் "உன் பட்டத்துக்குக் கணக்கில் வரும்" என்பதும் வேறு வேறு. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அலைச்சல்தான்.

இது சிபிஇ-க்கு மட்டும் வருகிற வியாதியும் இல்லை. மத்திய அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை காலேஜ் மாறிய மாணவர்கள் ஏறத்தாழ 43 சதவீத கிரெடிட்டை இழந்தார்கள் என்று அதில் இருக்கிறது. வழக்கமான வகுப்பறைப் படிப்பையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அதனால் "சிபிஇ என்பதால்தான் ஒதுக்கிவிட்டார்கள்" என்று உடனே முடிவுக்கு வராதீர்கள், பல நேரம் காரணம் வேறாக இருக்கும்.

எங்கே உரசுகிறது

அமெரிக்க காலேஜ்களின் கிரெடிட் என்பது அடிப்படையில் நேரக் கணக்கு. ஒரு செமஸ்டர் கிரெடிட் என்றால், சுமார் 15 வாரம், வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் இரண்டு மணி நேரம் சொந்த உழைப்பு. மத்திய அரசின் விதியிலும் 2011-லிருந்து ஏறத்தாழ இதே வரையறைதான். சிபிஇ இதைத் தலைகீழாக்குகிறது: எத்தனை நாள் உட்கார்ந்தாய் என்பது முக்கியமில்லை, தெரியுமா தெரியாதா என்பதுதான் முக்கியம். அதனால் எதிர்முனையில் டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்கிறவருக்கு "இது எத்தனை கிரெடிட்டுக்குச் சமம், எந்த கிரேடுக்குச் சமம்" என்று இரண்டு சந்தேகம் வருகிறது.

முதல் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். 1997-ல் 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் டபிள்யூஜியூ என்பார்கள். அங்கே பாடங்களைத் திறன் அலகு என்று எண்ணுகிறார்கள், ஓர் அலகு ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம். இந்த மாதிரி, பாடம் பாடமாகப் பிரித்து கிரெடிட் கணக்கோடு கொடுக்கிற சிபிஇ-யை மாற்றுவது சுலபம். இன்னொரு வகை நேரடி மதிப்பீடு. அதில் பாடம், கிரெடிட் என்ற கட்டுமானமே இல்லாமல் திறன்களை மட்டும் வரிசையாக நிரூபிப்பீர்கள். சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் காலேஜ் ஃபார் அமெரிக்காதான் 2013-ல் மத்திய கல்வித் துறையிடம் இதற்கு முதலில் அனுமதி வாங்கியது; கபெல்லா பல்கலைக்கழகத்தின் ஃப்ளெக்ஸ்பாத்தும் அதே வருடம் வந்தது. மாணவர் நிதியுதவி வேண்டுமென்றால் இவர்களும் தங்கள் திறன்களை கிரெடிட் மணிக்குச் சமப்படுத்திக் காட்டியாக வேண்டும். ஆகவே சமக்கணக்கு எங்கோ இருக்கும். அது டிரான்ஸ்கிரிப்டிலேயே அச்சாகி வருமா, அல்லது நீங்கள் கேட்டு வாங்க வேண்டுமா என்பதை மட்டும் சேருவதற்கு முன் விசாரித்துவிடுங்கள். மாதிரி டிரான்ஸ்கிரிப்ட் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

அங்கீகாரம் பார்ப்பது ஐந்து நிமிட வேலை

கல்வித் துறையின் டாபிப் என்ற தரவுத்தளத்தில் காலேஜ் பெயரைப் போட்டால் எந்த அமைப்பு அங்கீகரித்திருக்கிறது என்று வந்துவிடும். டபிள்யூஜியூ-வுக்கு என்டபிள்யூசிசியூ, கபெல்லாவுக்கும் பர்டியூ குளோபல் பல்கலைக்கழகத்துக்கும் எச்எல்சி, சதர்ன் நியூ ஹாம்ப்ஷயருக்கு நெச்சி. இவையெல்லாம் முன்பு வட்டார அங்கீகாரம் என்று சொல்லப்பட்ட அமைப்புகள். வட்டாரம், தேசியம் என்ற பிரிவையே கல்வித் துறை 2020 ஜூலையிலிருந்து கைவிட்டுவிட்டது. ஆனால் காலேஜ்களின் டிரான்ஸ்பர் கொள்கைகளில் இன்னும் பழைய சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, "வட்டார அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் கிரெடிட் மட்டுமே" என்று. சட்டம் மாறினால் என்ன, கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் தன் கையில் இருக்கிற காகிதத்தைத்தான் பார்ப்பார். எனவே பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த அமைப்பு என்பதையும் பாருங்கள்.

சரி, அங்கீகாரம் இருக்கிறது. இது நுழைவுச் சீட்டு மாதிரி, இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், இருந்தால் உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான்.

தேர்ச்சிக்கு ஓர் எழுத்து

சிபிஇ டிரான்ஸ்கிரிப்டைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது கிரேடு வரிசைதான். டபிள்யூஜியூ-வில் ஏ, பி, சி என்ற கிரேடு எதுவும் வராது. பாடத்தின் பெயர், எத்தனை அலகு, தேர்ச்சி என்பதற்கு ஓர் எழுத்து. மேலிருந்து கீழ் வரை அதே எழுத்து. அந்தத் தேர்ச்சி 4.0 அளவில் 3.0-க்கு, அதாவது பி கிரேடு அல்லது அதற்கு மேல் சமம் என்று அவர்களே விளக்கம் வைத்திருக்கிறார்கள். இந்த விளக்கத்தை உங்கள் டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்து அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல காலேஜ்களில் "சி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் எடுப்போம்" என்று விதி இருக்கும். வெறும் தேர்ச்சி என்று பார்த்தால் அது டி-யாகக்கூட இருக்கலாமே என்று ஒதுக்கிவிடுவார்கள். விளக்கம் கூடவே இருந்தால் அந்தச் சந்தேகம் எழாது.

ஆனால் விளக்கத்தால் தீராத தடை ஒன்று இருக்கிறது. தேர்ச்சி மட்டும் போட்ட பாடங்களில் இத்தனை கிரெடிட்டுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று சில காலேஜ்கள் உச்சவரம்பு வைத்திருக்கும். ஒன்றிரண்டு பாடத்தைத் தேர்ச்சி முறையில் எடுத்த சாதாரண மாணவரை மனதில் வைத்து எழுதின விதி அது. உங்களுக்கோ மொத்தமும் அப்படித்தான். அதனால் கேட்கும்போது குறிப்பாகக் கேட்க வேண்டும்: "இந்த வரம்பு, கிரேடே தராத நிறுவனத்திலிருந்து வருகிறவர்களுக்கும் பொருந்துமா?" விலக்கு தருகிற இடங்கள் உண்டு, கேட்டவர்களுக்கு.

இளநிலைப் பட்டத்துக்குள் மாறும்போது ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, பெரிய பிரச்சினை ஆகாது. பெரும்பாலான இடங்களில் கிரெடிட்தான் மாறும், பழைய கிரேடு புதிய ஜிபிஏ-வில் சேராது. மேற்படிப்புக்குப் போகும்போதுதான் 3.0 என்பது கடிக்கும். குறைந்தபட்சம் 3.0 கேட்கிற முதுநிலைப் படிப்பு என்றால் தப்பித்தீர்கள். போட்டி போட்டு 3.7 வைத்திருக்கிறவர்களோடு வரிசையில் நிற்கிற படிப்பு என்றால், நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும்தான் உங்களைத் தூக்க வேண்டும். மருத்துவம் படிக்கும் எண்ணம் துளி இருந்தாலும் அறிவியல் முன்தேவைப் பாடங்களை கிரேடு தருகிற இடத்தில் எடுங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சட்டப் படிப்பில், விண்ணப்பங்களைத் தொகுக்கிற எல்எஸ்ஏசி வெறும் தேர்ச்சியை ஜிபிஏ கணக்கில் சேர்ப்பதில்லை.

சலவைக்குப் போட்டு எடுக்க முடியாது

பலரும் ஏமாறுகிற இடம் இது. சோஃபியா, ஸ்டடி டாட் காம், ஸ்ட்ரெய்ட்டர்லைன் போன்றவை காலேஜ் இல்லை. அவற்றின் பாடங்களுக்கு அமெரிக்க கல்விக் கவுன்சில், அதாவது ஏசிஇ, "இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம்" என்று பரிந்துரை மட்டும் தருகிறது. சிபிஇ காலேஜ்களில் பல இதைத் தாராளமாக ஏற்கும். எனவே செலவைக் குறைக்க நினைக்கிறவர்கள் அங்கே 40 கிரெடிட் முடித்து, சிபிஇ காலேஜுக்குக் கொண்டுவந்து, மேலே 20 சேர்த்து, பிறகு மூன்றாவதாக ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய் "என்னிடம் 60 இருக்கிறது" என்பார்கள். மூன்றாவது ஆள் அப்படிப் பார்க்க மாட்டார். நடுவில் இருக்கிற டிரான்ஸ்கிரிப்டில் டிரான்ஸ்பர் என்று குறித்த கிரெடிட்டையெல்லாம் தள்ளிவிட்டு, அது முதலில் எங்கே பிறந்ததோ அந்த இடத்தின் மூல ஆவணத்தைக் கேட்பார். அது ஏசிஇ பரிந்துரை என்றால் அவருடைய காலேஜின் ஏசிஇ கொள்கைதான் செல்லும். அந்தக் கொள்கை "ஏற்பதில்லை" என்று இருந்தால் 60 ஒரே நாளில் 20 ஆகிவிடும்.

பட்டம் முழுதாக முடித்துவிட்டுப் போனால் கதை வேறு. முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் இளநிலைப் பட்டத்துக்குள் எந்த கிரெடிட் எங்கிருந்து வந்தது என்று பொதுவாக யாரும் தோண்டமாட்டார்கள், குறிப்பிட்ட முன்தேவைப் பாடங்களைத் தவிர. அதனால் என் கணக்கு எளிது: நடுவில் மாறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் சிபிஇ-யில் சேராதீர்கள், அல்லது எல்லாப் பட்டத்துக்கும் பொதுவான பொதுக்கல்விப் பாடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேர்ந்த இடத்திலேயே முடிப்பேன் என்று உறுதி இருந்தால் தாராளமாக இறங்குங்கள். அதற்காகவே கட்டின வண்டி அது.

எழுதிக் கேளுங்கள்

போனில் கேட்டால் போனிலேயே பதில் போய்விடும். நீங்கள் போக நினைக்கிற இரண்டு மூன்று காலேஜைத் தேர்ந்தெடுத்து, ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் டிரான்ஸ்பர் கிரெடிட் பார்க்கிற பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள், உங்கள் மேஜர், அதாவது முதன்மைப் பாடத் துறையின் ஆலோசகருக்கும் ஒரு நகல். அதற்கு முன் டிரான்ஸ்ஃபராலஜி தளத்தில் தேடிப்பாருங்கள், சில பாடங்களுக்கு ஏற்கெனவே சமநிலை முடிவாகி அங்கே போட்டிருப்பார்கள். கலிஃபோர்னியாவின் அரசு காலேஜ்களுக்கு அசிஸ்ட் என்று தனியாக ஒன்று உண்டு, ஆனால் அது அந்த மாநிலத்து அரசு காலேஜ்களுக்கு இடையிலான கணக்கு. வெளியிலிருந்து வருகிற சிபிஇ-க்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும் என்றால், ஏறத்தாழ இப்படி:

"நான் இன்ன காலேஜில் திறன் அடிப்படையிலான படிப்பில் சேர இருக்கிறேன். அதற்கு இன்ன அமைப்பின் அங்கீகாரம் உண்டு. பின்னர் உங்களிடம் அக்கவுண்டிங் இளநிலைப் பட்டத்துக்கு மாற விரும்புகிறேன். கீழே நான்கு பாடங்களின் விவரத்தை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் உங்கள் எந்தப் பாடத்துக்குச் சமமாக வரும்? மேஜர், பொதுக்கல்வி, விருப்பப் பாடம், இவற்றில் எந்தக் கணக்கில் சேரும்? மேல்நிலைப் பாடமாக, அதாவது மூன்றாம் நான்காம் வருடப் பாடமாக எண்ணப்படுமா? தேர்ச்சி மட்டும் போட்ட கிரெடிட்டுக்கு வரம்பு உண்டா? ஏசிஇ பரிந்துரையை எடுப்பீர்களா? எத்தனை கிரெடிட்டை உங்களிடமே முடிக்க வேண்டும்?"

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். உதாரணத்துக்கு, தென் மாநிலங்களின் பெரும்பாலான காலேஜ்களை அங்கீகரிக்கும் எஸ்ஏசிஎஸ்சிஓசி, பட்டத்துக்கான கிரெடிட்டில் குறைந்தது 25 சதவீதம் பட்டம் தருகிற காலேஜிலேயே படித்ததாக இருக்க வேண்டும் என்கிறது. 120 கிரெடிட் பட்டத்தில் அது 30. நீங்கள் 105 கிரெடிட்டோடு போய் நின்றாலும் 30 அங்கே படித்தே ஆக வேண்டும். மேல்நிலை என்பதும் அப்படித்தான், மூன்றாம் நான்காம் வருடத்துக்கு இத்தனை கிரெடிட் என்று தனி விதி இருக்கும், கணக்கில் 90 இருந்தும் மேல்நிலையில் பற்றாக்குறை என்று ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவர்களை எனக்குத் தெரியும்.

"விண்ணப்பித்த பிறகுதான் மதிப்பிடுவோம்" என்று பதில் வரலாம். பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அப்போது "பொதுக் கொள்கை என்ன என்று மட்டும் சொல்லுங்கள்" என்று இன்னொரு முறை கேளுங்கள். அதற்குப் பதில் வந்தால் அந்த மின்னஞ்சலை பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு.

படிக்கும்போதே சேர்த்துவைக்க வேண்டியது

சிபிஇ-யில் வாரவாரியான சிலபஸ் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது, அதுதான் வினை. எதிர்முனைப் பேராசிரியர் முதலில் கேட்பது சிலபஸ். பாடம் முடிந்த பிறகு சில மாதத்தில் போர்ட்டலே மூடிக்கொள்ளும். எனவே ஒவ்வொரு பாடத்தையும் தொடங்கிய அன்றே பாட விளக்கம், திறன்களின் பட்டியல், பாடநூல் பெயர், தேர்வு எப்படி நடந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். கண்காணிப்புடன் எழுதிய தேர்வா, கட்டுரை சமர்ப்பித்ததா என்பதையும் குறியுங்கள். கண்காணிப்புத் தேர்வு என்று தெரிந்தால் எதிர்முனையில் மரியாதை கூடுகிறது, இது என் அனுபவம். அறிவியல் பாடம் என்றால் லேப் இருந்ததா, எத்தனை கிரெடிட் லேப் என்பதைத் தனியாக எழுதிவையுங்கள், லேப் இல்லாத அறிவியல் கிரெடிட் சுலபமாக விழும். நீங்கள் எழுதிய அசைன்மென்ட்டையும் வைத்திருங்கள், ஆனால் அதை இணையத்தில் எங்கேயும் ஏற்றிவிடாதீர்கள், கல்வி நேர்மை விதியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரே பருவத்தில் 40, 50 கிரெடிட் முடித்துத் தள்ளுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலேஜ் அனுமதித்ததுதான், தப்பில்லை. ஆனால் அந்த டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்கிறவர் புருவத்தைத் தூக்குவார். அவருக்கு நீங்கள் 12 வருடம் அந்தத் தொழிலில் இருந்ததால்தான் இந்த வேகம் என்று தெரியாது. ரெஸ்யூமேயை உடன் வைத்து அனுப்புங்கள்.

உரிமம் தேவைப்படுகிற தொழில்களில் காலேஜை மட்டும் கேட்டால் போதாது, மாநில வாரியத்தையும் கேட்க வேண்டும். கணக்காளருக்கான சிபிஏ உரிமத்துக்கு நெடுங்காலமாக 150 கிரெடிட் என்பது வழக்கம், அதில் எந்தக் கிரெடிட் செல்லும் என்று சொல்வது அந்தந்த மாநில வாரியம். ஆசிரியர், நர்ஸ் உரிமமும் அப்படியே. அப்புறம் விசா விஷயம்: வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான எச்-4-ல் இருப்பவர்கள் படிக்கத் தடையில்லை, மாணவர் விசாவான எஃப்-1-ல் இருப்பவர்களுக்கோ ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதிகபட்சம் 3 கிரெடிட்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் வரும். முழுக்க ஆன்லைனான சிபிஇ அவர்களுக்கு ஆகாது.

முதல் பதில் கடைசிப் பதில் இல்லை

மதிப்பீடு வந்ததும் டிகிரி ஆடிட்டைத் திறந்து, விருப்பப் பாடத்தில் விழுந்த ஒவ்வொன்றையும் எடுத்து, "இது உங்கள் எந்தப் பாடத்துக்கு மிக அருகில் இருக்கிறது" என்று அவர்களுடைய கேட்டலாக்கை வைத்துத் தேடுங்கள். பெரும்பாலான இடங்களில் மேல்முறையீடு செய்யலாம். ரெஜிஸ்ட்ராருக்கு வெறுமனே "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று எழுதினால் நடக்காது, முடிவு உண்மையில் துறைத் தலைவர் கையில்தான் இருக்கும். இடது பக்கம் அவர்களுடைய பாடத் தலைப்புகள், வலது பக்கம் நீங்கள் படித்தவை, பொருந்துகிறதை அடையாளம் போட்டு ஒரே பக்கத்தில் கொடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

என் மைத்துனி அப்படித்தான் செய்தாள். மேனேஜேரியல் அக்கவுண்டிங், வணிகச் சட்டம் என்று இரண்டு பாடத்துக்கு ஒப்பீட்டுப் பக்கம் போட்டு, கண்காணிப்புத் தேர்வு விவரத்தையும் தேர்ச்சி என்றால் 3.0 என்ற விளக்கத்தையும் இணைத்துத் துறைத் தலைவருக்கு அனுப்பினாள். ஐந்து வாரம் பதிலே இல்லை. ஆறாவது வாரம் ஆடிட்டில் இரண்டும் மேஜர் வரிசைக்கு மாறியிருந்தன, ஒரு வரி மின்னஞ்சல்கூட வராமல்.